பதினோராம் ஷரத்து

பாட்டுக் கம்பெனியில் வேலை என்றால் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்டுக்கொண்டே சம்பளம் வாங்கலாம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தத் தொழிலில் பாட்டு நாலு நிமிஷம், அதற்கான பேப்பர் பதினாலு பக்கம். "இங்கே, இங்கே, அப்புறம் கடைசிப் பக்கத்தில் இங்கே" என்று யாரோ விரல் காட்டிய இடத்திலெல்லாம் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்கள் எல்லோரும் எனக்கு உறவு. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அப்படி விரல் காட்டிய ஆள் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரிந்து வருத்தப்பட வேண்டாம்.

எங்கள் கம்பெனி மைசூரில், மண்டி மொஹல்லாவில், ஒரு பிளைவுட் கடைக்கு மேலே இருந்தது. இரண்டு அறை. ஒன்றில் சுவர் முழுக்கத் தென்னைநார் மெத்தையை ஆணியடித்து ரெக்கார்டிங் ரூம் என்று பெயர் வைத்திருந்தோம். கீழே பலகை அறுக்க ஆரம்பித்தால் மேலே பாட்டை நிறுத்திவிட்டு டீ குடிப்போம். முதலாளி கிரீஷ் சார் கன்னடக்காரர், தமிழும் பேசுவார். இன்னொரு அறையில் நானும் ஒரு பீரோவும். பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்களோடு ஒப்பந்தம் எழுதி, கையெழுத்து வாங்கி, அதை அந்தப் பீரோவில் வைத்துப் பூட்டுவது என் வேலை. ஒன்பது வருஷம் செய்தேன்.

நாலு எல்லை போட்ட தாலாட்டு

அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடித்தேன். வீடு, மனை, தோட்டம் எல்லாம் என் விரல் வழியாகத்தான் கை மாறின. பாட்டுக் கம்பெனியில் சேர்ந்த முதல் வாரம், கொள்ளேகாலிலிருந்து சரளா என்று ஒரு பள்ளிக்கூட டீச்சர், தானே எழுதி மெட்டமைத்த தாலாட்டோடு வந்தார். "ஒரு அக்ரிமென்ட் போட்டுடுங்க" என்றார் கிரீஷ் சார். எனக்குத் தெரிந்தது ஒரே வகைப் பத்திரம், விற்றதற்கு எழுதுகிற கிரயப் பத்திரம். "மேற்படி பாட்டைத் தாங்கள் புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று கூசாமல் அடித்தேன். சொத்து விவரம் என்ற இடத்தில், ஆல்பத்தில் அது நாலாவது பாட்டு என்பதால், "வடக்கே மூன்றாம் பாட்டு, தெற்கே ஐந்தாம் பாட்டு" என்று எல்லையும் போட்டேன். கிழக்குக்கும் மேற்குக்கும் என்ன போடுவது என்று தெரியாமல் அரைமணி நேரம் யோசித்ததை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கிரீஷ் சார் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லையை மட்டும் கோடு போட்டு அடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்துக்கொண்டார், ஏனென்றால் மிச்சம் அவருக்கு வசதியாக இருந்தது. நான் விரல் காட்டினேன், சரளா டீச்சர் சந்தோஷமாகப் போட்டார். இரண்டு வருஷம் கழித்துக் கிரீஷ் சார் பன்னிரண்டு பாட்டுகளை மொத்தமாக ஒரு பெங்களூர் கம்பெனிக்குக் கொடுத்தார், தாலாட்டும் அதில் போயிற்று. அது தெரியாமல் டீச்சர் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்து அதே பாட்டைப் பதிவு செய்து வெளியிட்டார். அடுத்தவர் சொத்தில் கை வைத்ததாக அவருக்கு நோட்டீஸ் வந்தது. எங்கள் மாடிப்படி ஏறி வந்து என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்தார். சண்டை போடவில்லை. என் பத்திரத்தை முதல் தடவையாக முழுதாகப் படித்தார். பிறகு சொன்னார்: "விக்கறோம்னு அன்னைக்கே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் அழுதுட்டு உட்டிருப்பனுங்க. நீங்க பாட்டை வெளியிடறோம்னுதானே சொன்னீங்க!"

குத்தகை

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. சொல்லும் மெட்டும் ஒன்று. அதை ஒரு நாள் ஒரு அறையில் பாடிப் பதிந்து வைக்கிறோமே, அந்தப் பதிவு இன்னொன்று. கிரீஷ் சாரின் வழக்கம் இரண்டையும் சேர்த்து நிரந்தரமாக எழுதி வாங்கிவிடுவது. யாரும் கேள்வி கேட்டதில்லை. சரளா டீச்சர் விஷயத்துக்குப் பிறகு எனக்கு விரல் காட்டவே கை கூசியது. ஆனாலும் காட்டிக்கொண்டுதான் இருந்தேன். வேலையாயிற்றே.

அப்போதுதான் செக்போஸ்ட் என்ற மூன்று பேர் குழு வந்தது. மாதேஷ் பாட்டு எழுதிப் பாடுகிறவன். ஹனூர்க்காரன், அங்கே டிராக்டர் ஸ்பேர் கடை வைத்திருக்கிறான். நந்தினி மைசூர்ப் பெண், கிடார். சந்துரு டிரம்ஸ், ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. மேட்டூர்ப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பாலாறு செக்போஸ்டில் ஒரு லாரி குறுக்கே நின்று மூன்று மணி நேரம் நகர முடியவில்லையாம். வேனுக்குள் உட்கார்ந்தே ஒரு பாட்டுக் கட்டியிருக்கிறார்கள். 'கேட்டைத் தெறங்க' என்று பெயர். பல்லவியை ஒரு தரம் கேட்டால் மூன்று நாளைக்குத் தலையை விட்டுப் போகாது. கிரீஷ் சார் கேட்ட உடனே கண்ணை மூடிக்கொண்டார். அவருக்குப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

வழக்கமான பேப்பரை எடுத்து நீட்டினேன். விரலையும் நீட்டினேன். மாதேஷ் என் விரலைப் பார்க்கவில்லை, முதல் பக்கத்தைப் பார்த்தான். "நிரந்தரமாக" என்ற வார்த்தையில் அவன் கட்டைவிரல் நின்றது. நந்தினியிடம் காட்டினான். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பிறகு கிரீஷ் சாரைப் பார்த்து மரியாதையாகவே சொன்னான்: "நெலத்தை எழுதிக் குடுக்க மாட்டமுங்க. குத்தகைக்கு வேணும்னா எடுத்துக்குங்க. அஞ்சு வருசம் பயிர் பண்ணுங்க, பொறவு நெலம் எங்குளுது."

வாசிக்காமல் விட்ட இடம்

கிரீஷ் சார் ஒரு வாரம் முறுக்கிக்கொண்டார். "ரூம் நம்மது, மைக் நம்மது, மெத்தை நம்மது, ரெக்கார்டிங் மட்டும் அவங்களதா?" என்று பிளைவுட் கடைக்காரரிடம்கூடப் புலம்பினார். அதிலும் நியாயம் இருந்தது. கடைசியில் பாட்டு அவரை விடவில்லை. குத்தகைக்கு ஒப்புக்கொண்டார். பாட்டின் சொல்லும் மெட்டும் குழுவுக்கே. பதிவை மட்டும் ஐந்து வருஷத்துக்கு நாங்களே வெளியிடலாம், வேறு யாரும் கூடாது.

அடுத்து, பாட்டில் யாருக்கு என்ன பங்கு என்று மூன்று பேரும் எழுதித் தர வேண்டும். தொழிலில் நட்பு முறிவது பெரும்பாலும் இந்த ஒரு தாளில்தான். அதனால் இதை எழுதும்போது நான் மூன்று பேருக்கும் முதலில் காபி வரவழைத்துவிடுவேன், வாயில் சூடாக ஏதாவது இருந்தால் உடனே பேச முடியாது. சொல் முழுக்க மாதேஷுடையது, மெட்டு அவனும் நந்தினியும். "அப்போ சந்துருவுக்கு மெட்டுல பங்கு இல்லை அல்வா?" என்று நந்தினி, 'அல்லவா'வைக் கன்னடத்தில் இழுத்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். பல்லவிக்கு முன்னால் எல்லாச் சத்தமும் நின்று, ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே கேட்காமல், பிறகு "கேட்டைத் தெறங்க" என்று வெடிக்கும். அந்த நிறுத்தம் சந்துருவின் யோசனை. பாட்டைப் போடச் சொன்னான். அந்த இடத்தில் என் கை தானாக மேஜையைத் தட்டப் போனதை மூன்று பேரும் பார்த்தார்கள். மாதேஷ் பேனாவை எடுத்து மூன்றில் ஒரு பங்கு என்று மூன்று தடவை எழுதினான். சந்துரு காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எல்லாரும் வாசிச்சதுக்குப் பங்கு வாங்குவாங்கக்கா. நான் வாசிக்காம விட்டதுக்கு வாங்கியிருக்கேன்."

பிரபஞ்சம் முழுவதும்

நந்தினியின் அப்பா மேலுகோட்டைப் பூர்வீகம், இன்ஷூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாதிரிப் பத்திரத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார். நாலு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் பதினாலு பக்கத்தையும் கிளிப் போட்டு, ஓரமெல்லாம் பென்சில் குறிப்போடு, தானே படியேறி வந்தார். என் எழுத்துப்பிழைகள் ஒவ்வொன்றையும் திருத்தியிருந்தார். நான் இதற்கு முன்னால் நூற்றுக்கணக்கில் ஒப்பந்தம் கொடுத்திருக்கிறேன், முழுக்கப் படித்துவிட்டு வந்த முதல் மனிதர் அவர்தான். எனக்குக் கொஞ்சம் அழுகையே வந்துவிட்டது.

எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் பத்திரத்திலிருந்து நான் பார்த்து எழுதிய ஒரு வரி அதில் இருந்தது: இந்தப் பதிவைப் பிரபஞ்சம் முழுவதும் வெளியிடக் கம்பெனிக்கு உரிமை உண்டு. அதன் அடியில் இரண்டு கோடு. "ஏம்மா, இந்தப் பிரபஞ்சத்தை யார் சேர்த்தா?" என்று கேட்டார். எல்லாரும் போடுகிறார்கள் என்றேன். "நாங்க இன்ஷூரன்ஸ்ல பூமிக்கு மேலே போனதில்லை" என்று சொல்லி அதை அடித்து, 'உலகம் முழுவதும்' என்று எழுதினார். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, பெரிதாக ஒன்றும் இல்லை என்கிற மாதிரிக் கேட்டார்: "எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கேள். உங்க முதலாளி நாளைக்கு இந்தக் கம்பெனியையே வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டார்னா, இந்தக் குழந்தைகள் யார் வாசல்ல போய் நிக்கறது?"

நீங்க யார் ஆளு

அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்தது. சாதம் வடிக்கும்போதும் சரளா டீச்சர் முகம்தான். மறுநாள் காலை கிரீஷ் சார் வருவதற்குள் பத்தாம் ஷரத்துக்குக் கீழே பதினோராவதாக ஒன்றை அடித்தேன். கம்பெனி வேறு கைக்கு மாறினால், குழுவினர் மூவரும் புதிதாக எழுத்தில் சம்மதம் தராதவரை, பதிவின் உரிமை அன்றைக்கே அவர்களுக்குத் திரும்பிவிடும். மூன்று வரிதான். கிரயப் பத்திரம் எழுதிப் பழகிய கை என்பதால் ஓட்டை இல்லாமல் எழுதினேன்.

கிரீஷ் சார் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இது பேடா, வேண்டாம். எடுத்துடுங்க" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். ஒன்பது வருஷத்தில் அவரிடம் நான் மாட்டேன் என்று சொன்னது அன்றுதான். "நாளைக்கு நான் கம்பெனியைக் குடுக்கணும்னா?" என்றார். "அவங்களைக் கேட்டுட்டுக் குடுங்க சார்" என்றேன். கீழே பலகை அறுக்கும் சத்தம் ஆரம்பித்தது, வழக்கம்போல இரண்டு பேரும் டீ குடித்தோம். சத்தம் நின்றதும் பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். பேப்பரை என் பக்கம் தள்ளிக்கொண்டே, பெயரோடு 'அவரே' சேர்க்கும் கன்னட மரியாதை குறையாமல் கேட்டார்: "ஒண்ணு மட்டும் சொல்லுங்க வேதா அவரே, நீங்க யார் ஆளு?"

கல்யாண வீடியோ

பாட்டு வெளியானது. ஹனூர் பஸ்ஸில் கேட்டதாகச் சொன்னார்கள், மைசூரில் கல்லூரிப் பிள்ளைகள் ஆடினார்கள். எங்கள் பதிவை வேறு யாராவது அனுமதி இல்லாமல் போட்டால் கண்டுபிடித்துத் தடுக்கும்படி கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. நான்தான் அதில் பாட்டைச் சேர்த்தேன், கர்மசிரத்தையாக. யாருக்கெல்லாம் விதிவிலக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. அதைக் காலியாக விட்டுவிட்டேன்.

மாதேஷின் தங்கைக்கு ஹனூரில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பில் 'கேட்டைத் தெறங்க' பாட்டைப் போட்டுத்தான் மண்டபத்துக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்த வீடியோவை மாதேஷ் தன் இணையப் பக்கத்தில் ஏற்றி, ஊர் முழுக்க அனுப்பியிருக்கிறான். பத்து நிமிஷத்தில் சத்தம் போய்விட்டது. மேளம் இல்லை, பாட்டு இல்லை, மாப்பிள்ளை ஊமைப்படத்தில் நடந்து வருகிறார். கீழே எங்கள் கம்பெனி பெயரோடு, இந்த ஒலியின் உரிமையாளர் நாங்கள் என்று ஒரு வரி. பந்தியில் உட்கார்ந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோர் கையிலும் அது இருந்தது.

மாதேஷ் போனில் கூப்பிட்டபோது அவன் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை, "அக்கா, இது எப்படிங்க?" என்று மட்டும் கேட்டான். உடனே சரிசெய்து, மூன்று பேரின் பக்கங்களையும் விதிவிலக்கில் சேர்த்து, மன்னிப்புக் கடிதமும் அனுப்பினேன். ஆனால் பந்தி முடிந்துவிட்டது. அவன் தாய்மாமன் எல்லோர் முன்னாலும் சொன்னதை மாதேஷ் அப்படியே எனக்குச் சொன்னான்: "மாப்ளே, உன்ற பாட்டு உன்ற பாட்டுன்னு ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரிஞ்சியே, மைசூர்ல எவனோ அவனுதுன்னு எழுதி ஒட்டியிருக்கறான் பாரு!"

பெங்களூர்க் கார்

பாட்டு வெளியான இரண்டாவது வருஷம் கிரீஷ் சாருக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆனது. சிவமொக்காவில் இருக்கும் மகள் வந்து இருக்கச் சொன்னாள். கம்பெனியைக் கொடுத்துவிட முடிவு செய்தார். வாங்க வந்தது யார் தெரியுமா? சரளா டீச்சரின் தாலாட்டை வைத்திருக்கும் அதே பெங்களூர் கம்பெனி. மண்டி மொஹல்லா சந்தில் அவர்கள் கார் நுழைய முடியாமல், ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கிக்கொண்டு, முக்கால் மணி நேரம் கழித்து இரண்டு பேர் நடந்தே வந்தார்கள். அதில் ஒருத்தி இளம் வக்கீல். நல்ல பெண், என் பீரோவைப் பார்த்து "எவ்வளவு ஒழுங்கா வெச்சிருக்கீங்க" என்றாள். ஃபைல் ஃபைலாகப் புரட்டினாள். எல்லாம் கிரயம், எல்லாம் நிரந்தரம், எல்லாம் என் கைவரிசை. டிக் போட்டுக்கொண்டே போனாள்.

செக்போஸ்ட் ஃபைல் வந்ததும் டிக் நின்றது. பதினோராம் ஷரத்தை இரண்டு தடவை படித்தாள். கூட வந்தவரிடம் ஏதோ சொன்னாள். அவர்கள் வந்ததே அந்த ஒரு பாட்டுக்காக, மற்றதெல்லாம் கூடை நிரப்ப. அங்கேயே உட்கார்ந்து ஒரு சம்மதக் கடிதத்தை அடித்து என்னிடம் கொடுத்தாள். மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கி வந்துவிட்டால் இந்த ஆபீஸை இப்படியே நடத்தலாம், என்னையும் வைத்துக்கொள்ளலாம் என்றாள். எனக்கு வயது நாற்பத்தாறு. பத்திரம் டைப் அடிப்பதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே செய்கிறது. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்ககிட்ட அவங்களுக்கு நம்பிக்கை இருக்கும் மேடம். எங்கே போடணும்னு நீங்க காட்டினா போட்டுடுவாங்க."

ஹனூர் பஸ்

நந்தினியும் சந்துருவும் மாதேஷ் போட்டால் போடுகிறோம் என்றார்கள். கொள்ளேகாலில் பஸ் மாறி ஹனூர் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வழியெல்லாம் கடிதத்தைப் படித்தேன். இரண்டு பக்கம். நாலாவது வரியில், யாரும் நிற்காத இடத்தில், "நிரந்தரமாக" என்ற வார்த்தை இருந்தது. குத்தகையைக் கிரயமாக மாற்றுகிற வார்த்தை. இன்னொருவர் எழுதியதைப் படிக்கும்போதுதான், ஒன்பது வருஷமாக நான் என்ன எழுதிக்கொண்டிருந்தேன் என்று உறைத்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள்.

மாதேஷ் கடையில் கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு, கடைப் பையனைக் கரும்புச் சாறு வாங்கிவரச் சொன்னான். கடிதத்தைக் கொடுத்தேன். "எங்க போடோணும்?" என்றான். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். "முதல்ல படி" என்றேன்.

ஒவ்வொரு வரியாக விரலை வைத்து இருபது நிமிஷம் படித்தான். கிரீஸ் படிந்த விரல் நாலாவது வரியில் நின்று ஒரு கறுப்புப் புள்ளி வைத்தது. "இது குத்தகை இல்லீங்களே" என்றான். "இல்லை, கிரயம்" என்றேன். "நீ போட்டா எனக்கு வேலை நிக்கும். போடலைன்னா போயிடும். அதையும் தெரிஞ்சுக்கோ, பின்னாடி தெரிஞ்சா நல்லா இருக்காது." ஏன் சொன்னேன் என்று இப்போதும் எனக்குத் தெரியவில்லை. அவன் மேல் பாரத்தை ஏற்றினேனா, உண்மையைச் சொன்னேனா, இரண்டும்தான் போலிருக்கிறது. கடிதத்தை என் மடியில் வைத்துவிட்டு, பேனா மூடியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு கேட்டான்: "உங்க வேலைக்குன்னா இப்பவே போடறனுங்க்கா. பாட்டுக்குன்னா போட மாட்டேன். எதுக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பீரோவில் இல்லாத ஃபைல்

சாறு முழுதையும் குடித்தேன், அவ்வளவு நேரம் எனக்கு வேண்டியிருந்தது. சரளா டீச்சர் என் எதிரே உட்கார்ந்து பத்திரம் படித்தது ஞாபகம் வந்தது. கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டேன். "பேனாவை மூடு" என்றேன். ஊர் திரும்பும்போது பயமாக இருந்தது, ஆனால் பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன்.

பெங்களூர்க்காரர்கள் கம்பெனி பெயரையும் மற்ற பாட்டுகளையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆபீஸ் வேண்டாம் என்றார்கள். கம்பெனி கை மாறிய அன்றே, பதினோராம் ஷரத்துப்படி, செக்போஸ்டின் பதிவு அவர்கள் மூன்று பேருக்கும் திரும்பிவிட்டது என்று நானே கடைசிக் கடிதம் அடித்து அனுப்பினேன். தாலாட்டைச் சரளா டீச்சருக்குத் திருப்பித் தர முடியுமா என்று அந்த வக்கீல் பெண்ணிடம் கேட்டுப் பார்த்தேன். பத்திரத்தை வரவழைத்துப் படித்துவிட்டு, ரொம்பப் பலமாக எழுதியிருக்கிறார்கள், உடைக்க முடியாது என்றாள். எழுதியது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

கணக்கை முடிக்கும் நாளில் அவள் பட்டியலைப் பார்த்து, ஊழியர் வேதவல்லியின் நியமன ஒப்பந்தம் எங்கே என்று கேட்டாள். எத்தனை மாதம் முன்னறிவிப்பு, என்ன கொடுக்க வேண்டும் என்று பார்க்க வேண்டுமாம். பீரோவில் தேடினேன். எழுத்து வரிசையில் தேடினேன், வருஷ வரிசையில் தேடினேன். பாடகர், பாடகி, தபேலாக்காரர், ஒரே ஒரு பாட்டுக்கு விசில் அடித்தவர் வரைக்கும் ஃபைல் இருந்தது. எனக்கு இல்லை. யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஒன்பது வருஷத்தில் எனக்கு அது தோன்றவேயில்லை. கிரீஷ் சாரைப் பார்த்தேன். அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார்: "உங்களுக்கு யார் எழுதறது வேதா அவரே? இங்கே எழுதறவங்க நீங்க ஒருத்தர்தானே!"

முதல் பக்கம்

பத்து நாள் வீட்டில் சும்மா இருந்தேன். பதினோராம் நாள் செக்போஸ்ட் மூன்று பேரும் வந்தார்கள், நந்தினியின் அப்பா கொடுத்தனுப்பிய ஒரு பெட்டி பென்சிலோடு. பாட்டைக் கேட்டு இப்போது நாலைந்து கம்பெனிகள் பேப்பர் அனுப்புகிறார்களாம். அதையெல்லாம் படித்து, வேண்டாததை அடித்து, வேண்டியதை எழுத ஆள் வேண்டும், நீங்கள் வாருங்கள் என்றார்கள். நானும் சந்தோஷத்தில் "சரி, நாளையிலிருந்து வர்றேன்" என்று சொல்லி, காபி போட எழுந்துவிட்டேன். மாதேஷ் உட்காரச் சொன்னான். பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எனக்கு முன்னால் வைத்து, மேலே ஒரு பேனாவையும் வைத்தான். "அப்படியெல்லாம் வந்துரக் கூடாதுங்க்கா. மொதல்ல உங்குளுக்கு ஒண்ணு எழுதுங்க, நாங்க மூணு பேரும் படிச்சுப் பாத்துட்டுத்தான் போடுவோம்."

ஆக, ஊரார் பாட்டுக்கெல்லாம் வடக்கும் தெற்கும் எல்லை கட்டிய நான், என் நாற்காலிக்கு எல்லை போட உட்கார்ந்தபோது, கிழக்குக்கும் மேற்குக்கும் என்ன எழுதுவதென்று மறுபடியும் அரைமணி நேரம் யோசித்தேன்.